எரியாத கேஸ்

அம்மாவுக்கு வணக்கம். முழங்கால் வலி தேவலையா? போன மாதப் பௌர்ணமியன்று டிரங்க் காலில் பேசியபோது, என் புருவம் பொசுங்கியதை உங்களிடம் சொல்லவில்லை. பயப்படாதீர்கள், கண்ணுக்கு ஒன்றுமில்லை.

கிரிவலப் பாதையில், அடி அண்ணாமலையில் பலூன் விற்கும் சந்திரம்மாள், இரும்பு உருளையில் காஸ்டிக் சோடாவும் அலுமினியத் துண்டுகளும் போட்டு கேஸ் எடுக்கிறார். நான் வகுப்பில் நடத்தும் ஹைட்ரஜன் தெருவிலேயே உண்டாகிறதே என்று குனிந்து பார்த்தேன். முதல் போணிக்கு முன் அவர் மலையைப் பார்த்துக் கற்பூரம் ஏற்றினார். மேலே ஆடிய பலூன் வெடித்தது. வெயிலில் தீ சரியாகத் தெரியவில்லை. சூடுதான் முகத்தில் அடித்தது.

"ஹீலியம்னு ஒண்ணு இருக்குது. அதுவும் மேல ஏறும், ஆனா எரியாது," என்றேன்.

"எங்க கெடைக்கும், டீச்சரம்மா?"

"மொதல்ல சூரியன்லதான் கண்டுபிடிச்சாங்க."

"அப்ப ஒரு நட போயி வாங்கினு வா, கண்ணு."

"கற்பூரத்தையாவது தள்ளி ஏத்துங்க. உங்க சேலையில பத்திக்கும்."

அவர் அடுத்த பலூனை எடுத்து உருளையில் மாட்டினார்.

நீங்கள் செய்யும் கண்மை ஒரு டப்பி அனுப்புங்கள். இங்கே தீட்டிவிட ஆளில்லை. கண்ணாடி பார்த்து நானே புருவம் வரைந்துகொள்கிறேன். தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது.

உங்கள் தமயந்தி

பி.கு.: நேற்று பௌர்ணமி. சந்திரம்மாள் சாலையைத் தாண்டிப் போய் எதிர்ப்பக்கத்தில் கற்பூரம் ஏற்றினார்.