ஏரலில் நின்ற வண்டி

இன்று காலை தெருவெல்லாம் வண்டி மை வாசனை. எதிர்வீட்டு ரைட்டர் அண்ணாச்சி தன் கூண்டு வண்டியின் அச்சுக்கு விளக்கெண்ணெயும் வைக்கோல் சாம்பலும் குழைத்துப் பூசிக்கொண்டிருந்தார். மறுபடியும் நாலு குடும்பம் சேர்ந்து புன்னக்காயலுக்குப் புறப்படுகிறார்களாம், ஆறு கடலில் சேருவதைப் பார்க்க. நான் உள்ளே வந்து கதவைச் சாத்தினேன். சாத்தினாலும் வாசனை வருகிறது.

போன சித்திரையில் நாமும் இப்படித்தான் புறப்பட்டோம். அணைக்கட்டு ஓவர்சியர் நான். தாமிரபரணியை வாய்க்கால் வாய்க்காலாகப் பிரித்து அனுப்புகிறவன். அது கடலில் சேரும் இடத்தை நான் பார்த்ததில்லை என்பது உனக்குத் தீராத கேலி. "ஊருக்கெல்லாம் ஆத்த அளந்து குடுக்கிய. அது எங்க போய்ச் சேருதுன்னு கேட்டா தெரியாது." கேலிக்குப் பின்னால் ஆசை இருந்தது. உண்டாகியிருப்பதை யாரிடமும் சொல்லாமல் நீ வண்டி ஏறியது அதற்காகத்தான்.

ஸ்ரீவைகுண்டத்திலிருந்து ஏரல் வரை கரையோரப் பாதை. ஏரலில் வண்டிகளை ஆற்றில் இறக்கி அக்கரை ஏற வேண்டும். அதற்கு முன் பசியாறலாம் என்று புளியோதரையைப் பிரித்தார்கள். நல்லெண்ணெய் வாடை பட்டதும் நீ எழுந்து ஓடி வாந்தி எடுத்தாய். அண்ணாச்சி வீட்டு மதினி உன் முகத்தை ஒரு பார்வை பார்த்தாள்.

"ஏளா, எத்தன மாசம்?"

நீ முந்தானையால் வாயைத் துடைத்தாய்.

"வாயும் வயிறுமா இருக்கவ ஆத்தத் தாண்டலாமா? ஒங்க வீட்டுல சொல்லித் தரலியா?"

"முழங்கால் தண்ணிதான மதினி" என்றேன்.

"தண்ணிய நீங்க அளங்க தம்பி. இது அளக்குத காரியம் இல்ல."

அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார். "நீரும் கடல்ல முங்கக்கூடாது வே. பொண்டாட்டி உண்டாயிருந்தா புருசனுக்கும் சேத்துத்தான் தடை."

மற்ற வண்டிகள் போய்விட்டன. நம் வண்டி மட்டும் மாடு அவிழ்த்து மருத மரத்தடியில் நின்றது. நீ, "நம்மூரு அணைய எத்தன வருசம் கட்டுனாவளோ. மதினி வாயாலயே கட்டிட்டா" என்றாய். நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை.

பொழுது சாய, போனவர்கள் ஈரத் தலையோடு திரும்பினார்கள். "ஒண்ணுமில்ல தாயி, வெறும் சேறும் மணலுந்தான்" என்று மதினி தேற்றினாள்.

"ஒண்ணுமில்லாததப் பாக்கவா மதினி இம்புட்டு நேரம்?"

வீடு வரும்வரை நீ என்னிடம் சொன்னது ஒன்றுதான். "நீங்க தனியாப் போய்ப் பாத்துட்டு வந்து எங்கிட்டக் கத சொல்லக்கூடாது. பிள்ளையத் தூக்கிட்டு மூணு பேருமாப் போவோம்."

நீ ஆற்றைத் தாண்டவில்லை. நான் கடலில் முங்கவில்லை. ஐப்பசியில் பிரசவத்தில் நீயும் போனாய், பிள்ளையும் போயிற்று. உன்னைக் கிடத்தியிருந்த அறை வாசலில் நின்று மதினி யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள்: "அன்னைக்கி ஆத்தங்கரையில போய் நின்னதே ஆகல." தாண்டினால் ஆகாது என்றவள். தாண்டாமல் நின்றதும் ஆகாதாம். எனக்குக் கோபம்கூட வரவில்லை. தீட்டுக் கழிந்ததும் அணைக்குப் போய், அளவுக்கல்லைப் பார்த்து நீர்மட்டம் குறித்தேன். கணக்கு ஓர் அங்குலம்கூடப் பிசகவில்லை. அதை நினைத்தால்தான் கசக்கிறது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அண்ணாச்சி கதவைத் தட்டினார். தோளில் கை வைத்தார்.

"இப்படியே அடஞ்சு கிடந்தா எப்படி? நீரும் வாரும் வே. இப்ப ஒமக்குத் தடை ஒண்ணும் இல்லல்லா."

அன்பாகத்தான் சொன்னார். அவருக்கு அது உறைக்கவே இல்லை.

"நீங்க போய்ட்டு வாங்க அண்ணாச்சி" என்றேன்.

வண்டிகள் போய்விட்டன. இந்த ஆற்றில் எனக்கு இன்னும் எத்தனை வருட உத்தியோகமோ, தெரியாது. ஏரலுக்குக் கீழே மட்டும் நான் போகப்போவதில்லை. நீ பார்க்காததை நானும் பார்க்காமல் இருக்கிறேன். உனக்கென்று இனி நான் செய்யக்கூடியது அது ஒன்றுதான்.