டெல்மரின் இருமல்

லாரல் ஃபோர்க், மேற்கு வர்ஜீனியா
அக்டோபர் 14

அன்பு மகள் கார்லீனுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சௌக்கியம், என் மூட்டுவலியும் என்னோடு சௌக்கியமாகவே இருக்கிறது. அலாஸ்காவில் இந்நேரம் பனி கொட்ட ஆரம்பித்திருக்கும், நீயும் உன் நோயாளிகளும் நன்றாக இருக்க வேண்டும். நீ படித்த நம்மூர் மருத்துவக் கல்லூரியின் பழைய மாணவர் இதழில் உன் படம் வந்திருக்கிறது, நூறு மைலுக்கு நீ ஒருத்திதான் டாக்டர் என்று போட்டிருக்கிறார்கள், அம்மா அதை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்து வருகிறவர்களையெல்லாம் படிக்கவைக்கிறாள். ஆனால் போன ஞாயிறு போனில், “பக்கத்துல கேட்க ஆளில்ல, நோயாளியத் தொட்டா என் கை சொல்றத நம்பலாமான்னு சில சமயம் பயமாயிருக்கு” என்றாயே, அது என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

முப்பத்திரண்டு வருஷமாக நான் கல்லூரிக்கு முதுகைக் கொடுத்துவருகிறேன். எலும்பும் தசையும் எங்கே பிடித்திருக்கிறது என்று விரலாலேயே கண்டுபிடிப்பதுதானே ஆஸ்டியோபதிப் படிப்பு, பிள்ளைகள் பழக ஒரு உடம்பு வேண்டாமா. போன மாதம் பழைய மாணவர் நாளில் நரைத்த தலையோடு ஒரு டாக்டர் என் முகத்தைப் பார்த்து யாரென்று தெரியாமல் விழித்தார், முதுகில் எப்போதும் பிடித்துக்கொண்டிருக்கும் அந்த விலா எலும்பில் கை பட்டதும் “அட, நம்ம டெல்மரோட மூணாவது விலா!” என்று கட்டிக்கொண்டார். “உங்க மூஞ்சிய விட முதுகுக்குத்தான் மதிப்பு” என்று அம்மா இன்றுவரை கிண்டல் செய்கிறாள்.

ஆனால் நான் ஒரு தப்பும் செய்துவந்தேன் கண்ணு. பயத்தில் கை சில்லிட்டு வருகிற பிள்ளைகளைப் பார்த்தால் மனசு கேட்காது, விரல் சரியான இடத்தில் படும்போது லேசாக ஒரு இருமல் இருமிவிடுவேன். உதவி என்றுதான் நினைத்தேன். இந்த வருஷம் முதலாண்டில் சேர்ந்த டெஸ்ஸா என்று ஒரு ஒஹாயோ பெண், என்னிடம் எப்போதும் சரியாகச் சொல்லிவிடுவாள். தீயணைப்பு நிலைய மண்டபத்தில் கல்லூரி இலவச மருத்துவ முகாம் போட்டது, அம்மா கூடை நிறைய இறைச்சி பொதிந்த பெப்பரோனி ரொட்டி சுட்டுக் கொண்டுவந்தாள், ஊரே திரண்டது. அங்கே ஒரு மரம்வெட்டியின் முதுகில் டெஸ்ஸா இருபது நிமிஷம் தேடினாள், அந்த மனுஷன் இருமவில்லை, ஆசிரியர் டாக்டர் பர்டெட் கேட்டதற்குத் தப்பான இடத்தைக் காட்டினாள். பிறகு பார்த்தால் கார் நிறுத்துமிடத்தில் நின்று அழுகிறாள். “உங்ககிட்ட மட்டும்தான் எனக்கு வருது சார், மத்தவங்ககிட்ட ஒண்ணுமே தெரியல, படிப்ப விட்டுட்டு ஊருக்குப் போறேன்” என்றாள். எனக்கு யாரோ கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

“அம்மாடி, கோளாறு உன் கையில இல்ல, என் தொண்டையில” என்று அவளிடமே சொல்லிவிட்டுப் பர்டெட்டிடம் போய் ஒப்புக்கொண்டேன். “ஏம்ப்பா, உதவி பண்றேன்னு பிள்ளைங்களுக்குக் குழியில்ல வெட்டிவச்சிருக்க” என்று கத்தினார். இரண்டு வாரம் அவளை வேறு வேறு ஆட்களிடம் பழகவைத்துவிட்டு, போன வெள்ளிக்கிழமை திரும்ப என்னிடம் அனுப்பினார். நான் வாயில் பெப்பர்மின்ட் போட்டு இருமலை அடக்கிக்கொண்டு குப்புறப் படுத்தேன். கால் மணி நேரம் ஆனது. மூன்றாவது விலாவைக் கண்டுபிடித்தாள், அதோடு நிற்காமல் “இடது இடுப்புலயும் பிடிச்சிருக்கு சார், இது புதுசு, எங்கயாவது விழுந்தீங்களா?” என்றாள். ஆப்பிள் பறிக்கப் போய் ஏணியிலிருந்து விழுந்ததை நான் அம்மா உட்பட யாரிடமும் சொல்லவில்லை. பர்டெட் சிரித்துவிட்டார், அவள் ஊருக்குப் போகவில்லை, விழுந்ததை மறைத்ததற்கு எனக்குத்தான் வீட்டில் நல்ல அர்ச்சனை கிடைத்தது.

இதைப் படித்ததும் அப்பா எனக்கும் இருமினாரோ என்று யோசிப்பாய். சமையலறை மேசையில் என்னைப் படுக்கவைத்து நாலு வருஷம் பழகினாயே, எத்தனை தடவை தப்பான இடத்தைத் தொட்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து தேடியிருக்கிறாய், எனக்குத் தொண்டை அரித்துக்கொண்டு வரும். ஒரு தடவைகூட இருமவில்லை மகளே. நீ தூரமாகப் போகிறவள் என்று தெரியும், அங்கே வந்து இரும நான் இருக்க மாட்டேனே. அந்தப் புத்தி மற்ற பிள்ளைகள் விஷயத்தில் வராமல் போனதுதான் என் வெட்கம்.

கர்த்தர் உன் கைகளைக் காக்கட்டும். அம்மா அனுப்பிய கம்பளிக் காலுறையைப் பெட்டியில் பூட்டாமல் போட்டுக்கொள், ஞாயிற்றுக்கிழமை போன் பண்ண மறக்காதே. உன் கை சொல்வதை நம்பு, அது யாரும் சொல்லிக்கொடுக்காமல் தானாகக் கண்டுபிடித்த கை.

உன் அப்பா
டெல்மர்