சாமிக்குச் சொன்ன முடி

22 ஜூன் 1936

இன்றும் அரிசிச் சோறு. சேலத்துக்கு வந்து ஹாஸ்டலில் சேர்ந்து பதினெட்டு நாள். பதினெட்டு நாளும் இதுவே. எங்கள் ஊரில் நோம்பிக்கும் கல்யாணத்துக்கும்தான் அரிசி வேகும். முதல் நாள் தட்டைப் பார்த்ததும் சமையல்காரர் கருப்பண்ணனிடம், "இன்னைக்கு என்ன விசேசமுங்க?" என்று கேட்டுத் தொலைத்தேன். அதை அவர் சேலம் முழுக்கச் சொல்லிவிட்டார். நேற்று கனவில் களியும் கீரைக் கடைசலும் வந்தன. கை வைப்பதற்குள் மணி அடித்துவிட்டார்கள்.

இந்த நோட்டு, கணக்குப் போட அப்பா செவ்வாய்ப்பேட்டையில் வாங்கித் தந்தது. கணக்கு எனக்கு வரவில்லை. நோட்டாவது வீணாக வேண்டாம் என்று எழுதுகிறேன்.

25 ஜூன்

கிணற்றடியில் தலை துவட்டிக்கொண்டிருந்தேன். நாலாம் பாரம் படிக்கும் எருமைகள் இரண்டு வந்து, "அம்மணி, தண்ணி சேந்தித் தரட்டுங்களா?" என்று கேட்டன. அத்தோடு செங்கோட்டையன் என்ற பெயர் போயிற்று. வாத்தியார் ஆஜர் கூப்பிடும்போது மட்டும் அது உயிரோடு இருக்கிறது.

நான் எப்படி மறுப்பது? முடி தோளுக்குக் கீழே தொங்குகிறது. போன வருஷம் சித்திரையில் விஷக்காய்ச்சல் வந்து இருபது நாள் நான் கண் திறக்கவில்லை. பிழைத்தால் இரண்டு வருஷம் கத்தி படாமல் முடி வளர்த்து, வைகாசித் தேருக்குத் திருச்செங்கோட்டு மலையில் இறக்குகிறேன் என்று அம்மா சாமிக்குச் சொல்லிவிட்டாள். பிழைத்துவிட்டேன். ஆகவே வருகிற வைகாசி வரைக்கும், அதாவது இந்தப் பள்ளிக்கூட வருஷம் முழுக்க, இந்தத் தலையில் கத்தரி படக் கூடாது. பட்டால் என்ன ஆகும் என்று அம்மாவைக் கேட்டேன். என் வாயைப் பொத்தினாள்.

11 ஜூலை

வார்டன் வீரபாகு சார் என்னை வரிசையிலிருந்து வெளியே இழுத்தார். பிரம்பு நுனியால் முடியைத் தூக்கிப் பார்த்தார், செத்த பாம்பைத் தூக்குகிற மாதிரி. "அடுத்த ஞாயித்துக்கிழமைக்குள்ள இது போயிருக்கணும்."

அப்பாவுக்குக் கார்டு போட்டேன்.

17 ஜூலை

அப்பா வந்தார். வார்டன் முன்னால் துண்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார். ஆனால் அப்பா பேசியபோது குரல் நடுங்கவில்லை. "ஏனுங்க, சாமிக்கு நேந்து உட்ட மாட்டுக்கே நாங்க கவுறு போடறதில்லீங்க. இது பையன் தலைங்க."

வார்டனும் எங்களைப் போல நாமக்கல் பக்கத்துக்காரர்தான். சம்மதித்தார். என்னிடம் மட்டும் தனியாகச் சொன்னார்: "இருந்துட்டுப் போகட்டும். ஆனா பேனுன்னு ஒண்ணு கண்ணுல பட்டுது, சாமி மயிரா இருந்தாலும் வழிச்சிருவேன்."

3 ஆகஸ்ட்

அம்மா கொடுத்தனுப்பிய விளக்கெண்ணெய்ப் புட்டி பெட்டிக்குள் கவிழ்ந்துவிட்டது. பூகோளப் புத்தகத்தில் ஆசியா முழுகிவிட்டது. ஐரோப்பாவுக்கும் லேசாகப் பரவியிருக்கிறது.

9 செப்டம்பர்

பக்கத்துப் பாய்க்காரன் பொன்னன். ஆத்தூர்ப் பையன். அவன் அப்பா அங்கே அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறார். படிப்பில் கெட்டிக்காரன் என்பதால் ஹாஸ்டலில் இலவச இடம். அவன் ஒருத்தன்தான் என்னை அம்மணி என்று கூப்பிடுவதில்லை. எனக்குக் கணக்குச் சொல்லித்தருகிறான், வகுத்தல் வரைக்கும் வந்துவிட்டேன். காலையில் எனக்குப் பின்னலும் அவன்தான் போடுகிறான். வீட்டில் மூன்று தங்கச்சிகளாம். சும்மா சொல்லக் கூடாது, அம்மாவைவிட இறுக்கமாகப் போடுகிறான்.

24 அக்டோபர்

சரஸ்வதி பூஜை நாடகம். பொய் முடி வாங்கும் செலவு மிச்சம் என்று தமிழ் சார் என்னை ராணியாக்கிவிட்டார். போருக்குப் புறப்படும் ராஜாவைத் தடுத்து, "மன்னவா, தங்கள் பிரிவை எங்ஙனம் தாங்குவேன்" என்று நான் சொல்ல வேண்டும். மூன்று வாரம் மனப்பாடம் செய்தது. மேடையில் விளக்கைப் பார்த்ததும் தலைக்குள் ஒன்றுமே இல்லை. ராஜா காத்திருந்தான். சேனை காத்திருந்தது. கடைசியில், "போறதுதான் போறீங்க, ஒரு வாய் சோறு உண்டுபோட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டேன்.

கலெக்டர் ஆபீஸ் குமாஸ்தா ஒருவர் சிரித்துச் சிரித்து நாற்காலியிலிருந்து இறங்கிவிட்டார். தமிழ் சார் என்னை முறைத்தார். நாளையிலிருந்து என்னோடு பேச மாட்டார்.

29 நவம்பர்

தலை அரிக்கிறது. எண்ணெய் வறட்சியாக இருக்கும்.

2 டிசம்பர்

எண்ணெய் வறட்சி இல்லை.

3 டிசம்பர்

பொன்னன் பின்னல் போடும்போது கை சட்டென்று நின்றது. கண்ணாடியில் அவன் முகத்தைப் பார்த்தேன். "யார்கிட்டயும் சொல்லாதடா" என்றேன். "நான் ஏன் சொல்லப்போறேன்" என்றான். பின்னலை முடித்துவிட்டுத்தான் கையைக் கழுவினான்.

அன்றாடம் தோட்டத்து வேப்பமரத்துக்குப் பின்னால் உட்கார்ந்து பேன்சீப்பால் சீவுகிறேன். வைகாசிக்கு இன்னும் ஐந்து மாதம். அதுவரை இவை குட்டி போடாமல் இருந்தால் சரி.

19 ஜனவரி 1937

பொங்கல் முடிந்து திரும்பினேன். ஹால் முழுக்கச் சொறிகிறார்கள். பிரார்த்தனை நேரத்தில் முப்பது பேரும் கண்ணை மூடிக்கொண்டு தலையில் கை வைத்திருக்கிறோம். புது வாத்தியார் எங்கள் பக்தியைப் புகழ்ந்தார்.

21 ஜனவரி

சிரிப்பதற்கு ஒன்றுமில்லை.

வார்டன் சோதனை போட்டார். பார்த்த தலையிலெல்லாம் பேன் இருந்தது. பொன்னன் தலையில் அதிகம். தினமும் என் தலையோடு தலை வைத்துக்கொண்டிருந்தவன் தலையில் இல்லாமல் எங்கே இருக்கும்? "உன்னாலதாண்டா. உங்க ஊட்ல தலைக்குத் தண்ணி ஊத்துவாங்களா மாட்டாங்களா?" என்று கேட்டார். பொன்னன் வாயைத் திறக்கவில்லை. முடி வெட்டும் கந்தன் வந்து இருபத்தொன்பது பேருக்கும் மொட்டை போட்டார்.

என்னிடம் வந்ததும் வார்டன் கையைக் கட்டிக்கொண்டார். "இது சாமி முடி. சுத்தமா வெச்சிருக்கற குடும்பம்" என்று சொல்லிப் போய்விட்டார். தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

பொன்னன் இனி வராந்தாவில் தனியாகப் படுக்க வேண்டும். அவனுக்குத் தனித் தட்டு.

22 ஜனவரி

கணக்கு வகுப்பில் பொன்னன் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. நானும் உட்காரவில்லை.

23 ஜனவரி

திங்கட்கிழமை பொன்னனின் அப்பாவை வரச் சொல்லி ஆள் போயிருக்கிறது. இலவச இடத்தை ரத்து செய்து கூட்டிப்போகச் சொல்லப் போகிறார்களாம். போனால் அவனும் மூட்டைதான்.

நான் சொன்னால் முடி போகும். முடி போனால் — அம்மா ஏன் என் வாயைப் பொத்தினாள்? செத்துப்போயிருவனா? இந்தா, இப்பவே நெஞ்சு அடிச்சுக்குது. யாராச்சும் கேட்டாங்களா என்னைய, தலைய எழுதி வெச்சுட்டு வந்தப்போ? அவன்கிட்டப் போனேன். "நீ ஏண்டா சொல்லல?" என்றேன். "உங்க அம்மா வேண்டிக்கிட்ட முடியாச்சே. நான் எப்படிச் சொல்றது" என்றான். அடேய், நீ என்னை நாலு அறை அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

24 ஜனவரி

சொல்லிவிட்டேன்.

வார்டன் நம்பவில்லை. சிநேகிதனுக்காகப் பொய் சொல்கிறேன் என்றார். நானே பின்னலை அவிழ்த்து அவர் மேஜை மேல் தலையைக் கவிழ்த்தேன். வருகைப் பதிவேட்டின் மேல் இரண்டு ஓடின. "அடப்பாவி" என்று நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

கந்தன் கத்தியைத் தீட்டிவிட்டு ஒரு நிமிஷம் தயங்கினார். மலை இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத்தான் வைத்தார். முடியையாவது துணியில் கட்டி ஊருக்குக் கொண்டுபோகிறேன் என்று கெஞ்சினேன். பேன் முடி ஹாஸ்டலுக்குள் இருக்கக் கூடாதாம். வேப்பிலையோடு போட்டுக் கொளுத்தினார்கள். நான் அழுதேன். எல்லாரும் பார்க்கிறார்கள் என்றும் பாராமல் அழுதேன்.

25 ஜனவரி

பொன்னனின் அப்பா வந்தார். வார்டன், "உங்க பையன் நல்லாப் படிக்கிறான், அதச் சொல்லத்தான் வரச் சொன்னேன்" என்றார். மனுஷர் அரை நாள் கூலியை விட்டு வந்தது இதற்கா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை, சந்தோஷமாகப் போனார். பொன்னன் பாய் பழைய இடத்துக்கு வந்துவிட்டது. வீட்டுக்கு நடந்ததை முழுக்க எழுதிப் போட்டேன்.

14 பிப்ரவரி

பதில் இல்லை.

7 மார்ச்

பதில் இல்லை. சாகவும் இல்லை. ஜலதோஷம் மட்டும் பிடித்தது. அதற்கே மூன்று நாள் பயந்து கிடந்தேன்.

12 ஏப்ரல்

பரீட்சை முடிந்தது. கணக்கு தேறிவிடும். ஊருக்கு வந்துவிட்டேன்.

அம்மா மிளகாய்ச் செடிக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தாள். தலையில் முக்காடு. வெயிலுக்கு என்று நினைத்தேன். என்னைக் கண்டதும் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்து என் தலையைத் தடவினாள். முக்காடு விலகியது. அம்மாவுக்கும் மொட்டை. முடி இப்போதுதான் கொஞ்சம் வளர்ந்திருக்கிறது.

"காயிதம் வந்த மறுநாளே மலைக்குப் போயிட்டேன் சாமி. வேண்டுன வாயி என்னோடது. தலை மட்டும் உன்னோடதா?"

ஏன் எழுதவில்லை என்று கேட்டேன். "எழுதுனா நீ பரிச்சைய உட்டுப்போட்டு ஓடியாந்திருப்ப" என்றாள்.

13 ஏப்ரல்

அப்பாதான் மீதியைச் சொன்னார். மாசியில் என் மாமாவுக்குக் கல்யாணம். அம்மாவுக்கு உடன்பிறந்தது அவர் ஒருத்தர்தான். மாப்பிள்ளை பக்கத்தில் அவர் அக்கா நின்று இணைச்சீர் என்ற சடங்கைச் செய்ய வேண்டும். அந்த ஒரு நாளுக்காக அம்மா சேலைகூட எடுத்து வைத்திருந்தாளாம். மொட்டைத் தலையோடு மங்கல காரியத்தில் நிற்கக் கூடாது என்று அவளே போகாமல் இருந்துவிட்டாள். மாமாவின் பெரியம்மா மகள் நின்று சீர் செய்தாள்.

"வைகாசிலயே எறக்கிக்கலாம்னு சொன்னேன் சாமி" என்றார் அப்பா. "அதுவரைக்கும் பையனுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு எழுதித் தருவீங்களான்னு கேட்டா."

பொன்னனுக்காகச் செய்ததை இன்றும் தப்பு என்று நினைக்கவில்லை. ஆனால் அதற்கு இருவர் தலை கொடுத்திருக்கிறோம் என்பது எனக்கு இத்தனை நாள் தெரியாது.

15 ஏப்ரல்

மாமாவையும் புது அத்தை ராசாத்தியையும் பார்க்க இன்று அம்மாவை நான்தான் பிடிவாதமாகக் கூட்டிப்போனேன். வழி முழுக்க முக்காட்டை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டே வந்தாள். அவர்கள் வாசலில், "நீ மட்டும் போயிட்டு வா" என்று நின்றுவிட்டாள்.

அத்தை உள்ளிருந்து வந்தாள். அம்மா காலில் விழுந்தாள். அவளைத் தூக்கக் குனிந்தபோது அம்மாவின் முக்காடு தோளில் சரிந்தது. அக்கம்பக்கத்துப் பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மா அதை எடுத்துப் போட்டுக்கொள்ளவில்லை. அத்தையின் தலையில் கை வைத்து, "நல்லா இருப்ப சாமி" என்றாள்.