மார்ச்சில் சொன்ன சாட்சி

ஜூன் 9, திங்கள்

விடியும்போதே மழை. துணி ஒன்றும் காயவில்லை. நேற்றுக் கட்டியதே இன்றும்.

குடோனில் புதுச் சுக்கு வந்து இறங்கியிருக்கிறது. பெரியது தனி, சிறியது தனி, பூச்சி அரித்தது தனி. மத்தியானத்துக்குள் மூக்கு முழுக்க எரிச்சல். பக்கத்தில் உட்காரும் ஆமினா இத்தா தும்மித் தும்மிக் கடைசியில் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

வாங்க வேண்டியது: தீப்பெட்டி, கொசுவத்தி, தேங்காய் எண்ணெய், குடைக்கு ஒரு கம்பி.

ஏழு மணிக்கு பாஸ்டர் வந்தார். குடையை மடக்கிக்கொண்டு வாசலிலேயே நின்றார். நான் ஒற்றை ஆள் என்பதால் எப்போதும் உள்ளே வரமாட்டார். வருகிற ஞாயிறு நாகர்கோவில் பக்கத்திலிருந்து ஒரு தேவ ஊழியர் பேச வருகிறாராம்.

"மார்ச்சுல சொன்ன சாட்சிய இன்னொரு தடவ சொல்லணும்மா கிரேஸ். உன்ன மாதிரி மன்னிச்சவங்க நம்ம சபையில வேற யாரு இருக்கா?"

சரி என்றேன்.

மார்ச்சில் சபை முன்னால் நின்று நான் சொன்னது இது. ரெண்டு வருஷத்துக்கு முன்னால் பஜார் ரோட்டில் பிக்கப் வண்டியைப் பின்னால் எடுத்து என் வீட்டுக்காரர் சாமுவேல் மேல் ஏற்றிய டிரைவர் ஷாஜியை முழு மனசோடு மன்னித்துவிட்டேன் என்று. எல்லோரும் அழுதார்கள். நானும் அழுதேன். யாரோ போனில் படம் பிடித்து எல்லா இடத்துக்கும் அனுப்பினார்கள்.

வேறு யாரிடமும் சொல்ல முடியாது, இங்கே எழுதுகிறேன். அது உண்மை இல்லை.

ஜூன் 10, செவ்வாய்

மழை. இடையில் ஒரு மணி நேரம் வெயில், பிறகு மழை.

சொன்ன அன்று உண்மை என்றுதான் நினைத்தேன். இல்லை என்று தெரிந்தது அடுத்த ஞாயிறு. ஆராதனை முடிகிற நேரம். கேட்டுக்கு வெளியே ஷாஜி நிற்கிறார். செருப்பைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். உள்ளே வரலாமா வேண்டாமா என்ற நிலை. அந்த வீடியோ அவருக்கும் போயிருக்கிறது, பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறார். ஒரு நொடி என்னைப் பார்த்தார்.

நான் சமையல் கட்டு வழியாகப் பின்வாசலில் இறங்கி வீட்டுக்கு வந்துவிட்டேன். பை, பைபிள், குடை எல்லாம் பெஞ்சிலேயே. வந்து கதவைத் தாழ் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சபையில் யாரும் கவனிக்கவில்லை. தலைவலி என்றேன், நம்பினார்கள். தெரிந்தது அவருக்கும் எனக்கும்தான். ஆண்டவருக்கும்.

இப்போது அவர் வண்டி ஓட்டுவதில்லை. மெயின் ரோட்டு சாயாக்கடையில் கிளாஸ் கழுவுகிறார். வீட்டிலிருந்து குடோனுக்கு அந்த வழியில் எட்டு நிமிஷம். நான் பின்சந்து வழியாக இருபது நிமிஷம் நடக்கிறேன். ஏன் என்று ஆமினா இத்தா கேட்டபோது நடந்தால் காலுக்கு நல்லது என்றேன்.

இரவுக்குக் கஞ்சி. ஒருத்திக்கு எவ்வளவு அரிசி போட வேண்டும் என்பது இன்னும் கைக்கு வரவில்லை. மீந்தது.

ஜூன் 11, புதன்

பின்சந்தில் முழங்கால் வரை தண்ணீர். ஓடை நிரம்பி வழிகிறது. ஒரு செத்த எலி மிதந்தது. வேறு வழியில்லை, மெயின் ரோடு.

சாயாக்கடை முன்னால் குடையைத் தாழ்த்திக்கொண்டேன். தாழ்த்தியும் தெரிந்தது. கழுவிக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்கினார். கிளாஸைப் போட்டபடி போட்டுவிட்டுக் கடைக்கு உள்ளே போய்விட்டார். அவரும் என்னிடமிருந்து ஒளிகிறார்.

மெலிந்திருக்கிறார். பார்க்கக் கூடாது என்றுதான் போனேன்.

சுக்குக் குவியலுக்கு முன்னால் இத்தா கேட்டார்: "ஏ கிரேஸு, நீ அவன மன்னிச்சுட்டேன்னு வீடியோல சொன்னியே, பின்ன அவன் எதுக்கு உன் பேரக் கேட்டாலே எந்திரிச்சுப் போறான்? எங்க வீட்டுக்காரரு சொன்னாரு. அவன் பொண்டாட்டி கொழந்தையோட அம்மா வீட்டுக்குப் போயிட்டாளாம்."

தூசி கண்ணில் விழுந்துவிட்டது என்று குழாயடிக்குப் போனேன்.

ஜூன் 12, வியாழன்

மழை குறைவு. காய்ச்சல் மாதிரி இருந்தது, இல்லை.

மகள் ஜெனி கோயம்புத்தூரிலிருந்து போன் செய்தாள். மாப்பிள்ளைக்கு நைட் ஷிப்ட். பிள்ளைக்குப் பல் முளைக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சாட்சி சொல்லப்போவதைச் சொன்னேன்.

"அம்மா, நீங்க என்ன வேணாலும் சொல்லிக்கோங்க. அந்தாளு பேர மட்டும் எங்கிட்ட எடுக்காதீங்க. அப்பாவ அப்படி ரோட்டுல கிடத்தினவன்."

அவள் வெளிப்படையாகச் சொல்கிறாள். நான் மேடையில் ஒன்று, சந்தில் ஒன்று.

ஜெபம். முழங்காலில் நின்றேன். "ஆண்டவரே" என்பதோடு நின்றுவிட்டது. உமக்குப் பின்னால் வருகிறேன் என்று பதினெட்டு வயதில் ஞானஸ்நானத் தண்ணீரில் இறங்கிச் சொன்னவள் நான். பின்னால் போகிறவள் வழியைத் தானே தேர்ந்தெடுத்தால் எப்படி? பின்சந்து என் வழி.

மீன்காரர் இன்று வரவில்லை. முட்டை.

ஜூன் 14, சனி

நேற்று எழுதவில்லை.

மத்தியானம் வேலை முடிந்தது. மூன்று மணி. கால் தானாக மெயின் ரோட்டுக்குப் போனது என்று எழுத ஆசை. இல்லை, நான்தான் போனேன். சாயாக்கடையில் வேறு ஆள் இல்லை. முதலாளி சாப்பிடப் போயிருந்தார். ஷாஜி மட்டும்.

இந்த முறை அவருக்கு உள்ளே போக நேரமில்லை. பெஞ்சைத் துடைத்தார். "சேச்சி இருக்கணும்."

உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன். "அன்னைக்குச் சர்ச் வாசல்ல உங்களப் பார்த்தேன். பார்த்துட்டுதான் பின்வாசல் வழியாப் போனேன்."

"எனிக்குத் தெரியும் சேச்சி." தலை நிமிரவில்லை. "நான் வந்திருக்கக் கூடாது. வீடியோ பார்த்தப்போ ஒரு தைரியம் வந்துச்சு. சேச்சிகிட்ட ஒரு காரியம் சொல்லிரலாம்னு."

"என்ன காரியம்?"

"கேட்டா சேச்சி மன்னிச்சது இல்லாமப் போயிரும்."

"சொல்லுங்க."

அவர் கொஞ்சம் தமிழ், கொஞ்சம் மலையாளம். நான் புரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

"கண்ணாடியப் பார்த்துதான் வண்டிய எடுத்தேன், பின்னால ஆள் இல்லன்னு போலீஸ்ல சொன்னேன். பொய் சேச்சி. கண்ணாடியப் பார்க்கல. போன்ல பேசிட்டிருந்தேன், வைஃபோட சண்டை. சாம் அண்ணன் பின்னால குனிஞ்சு செருப்பு வாரப் போட்டிட்டிருந்தாரு. லோடு எறக்குற சுமட்டுக்காரரு ஒருத்தர் கத்தினாரு. அதும் கேட்கல எனிக்கு."

மழைத் தண்ணீர் கூரைத் தகரத்திலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. ரோட்டில் ஸ்கூட்டர்கள். ஒரு பெண் கப்பைக் கிழங்கு விற்றுக்கொண்டு போனாள்.

"வியாழன் கேஸ். வாய தொறக்க வேண்டா, சாட்சி ஒண்ணும் பலமா இல்லன்னு வக்கீல் பறயுது. எனிக்கு இனி முடியாது சேச்சி. நான் ஒத்துக்கப் போறேன்."

ஒரு சாயா போட்டு என் முன்னால் வைத்தார். பாதி பெஞ்சில் கொட்டியது.

ரெண்டு வருஷம் என்னை நானே தேற்றிக்கொண்டது ஒரே வார்த்தையால். விபத்து. யார் கையிலும் இல்லாதது. அதையும் எடுத்துவிட்டார். மன்னிப்பதற்கு இப்போதுதான் ஒரு பெரிய காரியம் கையில் வந்திருக்கிறது. அதைத் தூக்க எனக்குப் பலமில்லை.

கிளம்பி வந்துவிட்டேன். சாயாவைத் தொடவில்லை.

வீட்டுக்கு வந்து சாமுவேலின் தலையணையைச் சுவரில் அடித்தேன். பஞ்சு பறந்தது. பிறகு பெருக்கினேன்.

ஜூன் 15, ஞாயிறு

வெயில்! எல்லோர் வீட்டுக் கொடியிலும் துணி.

ஷாஜி மறைத்ததை எனக்குச் சொன்னார். சொன்னால் ஜெயில் கிடைக்கலாம் என்று தெரிந்தும். நான் மறைத்தால் எனக்குக் கைதட்டல் கிடைக்கும். காலையில் முகம் கழுவும்போது இது மட்டும்தான் ஓடியது.

சபை நிறைந்திருந்தது. ஊழியர் நன்றாகப் பேசினார். என் பேரைக் கூப்பிட்டார்கள். முன் வரிசையில் யாரோ போனைத் தூக்கிப் பிடித்தார்கள்.

நான் சொன்னது, நினைவில் இருக்கிறபடி: "மார்ச்சுல நான் இங்க சொன்னது உண்மை இல்ல. அதுக்கு அடுத்த வாரம் அவர் இந்த வாசலுக்கு வந்தாரு. நான் பின்வாசல் வழியா ஓடிட்டேன். அவரு கடையைத் தாண்டக் கூடாதுன்னு சுத்து வழியில நடக்குறேன். நான் இன்னும் மன்னிக்கல. மன்னிக்கணும்னு ஆண்டவர் சொல்றாரு. எனக்கு முடியல. நீங்க எனக்காக ஜெபம் பண்ணுங்க."

போன் விஷயத்தைச் சொல்லவில்லை. அது அவர் சொல்ல வேண்டியது.

கைதட்டல் இல்லை. அல்லேலூயா இல்லை. தூக்கிப் பிடித்த போன் கீழே இறங்கியது. ஒரு குழந்தை தண்ணீர் கேட்டது. பாஸ்டர் எழுந்து ஒரு பாட்டை ஆரம்பித்தார், சுருதி ரொம்ப மேலே போய்விட்டது, யாராலும் கூடப் பாட முடியவில்லை.

சாப்பாடு: நெய்ச்சோறு, கோழி, பப்படம். என் பெஞ்சில் நான் மட்டும். எதிரில் உட்கார வந்த மெர்சி அக்கா தட்டோடு நின்று யோசித்துவிட்டு மகள் பக்கம் போனார். கோபம் இல்லை அவருக்கு. என்ன பேசுவது என்று தெரியவில்லை.

கேட்டில் பாஸ்டர். "முன்னாடியே எங்கிட்டச் சொல்லிருக்கலாமேம்மா."

"சொல்லிருந்தா மேடையில ஏத்திருப்பீங்களா பாஸ்டர்?"

யோசித்தார். "மாட்டேன்," என்றார். அவரும் உண்மையைச் சொன்னார் இன்று.

ஜூன் 16, திங்கள்

மறுபடி மழை. சபை வாட்ஸ்அப்பில் ஒரே ஒரு செய்தி: சகோதரி கிரேஸின் மன சமாதானத்துக்காக ஜெபிப்போம். கீழே கைகூப்பிய படங்கள். எண்ணவில்லை. யாரும் போன் செய்யவில்லை. இந்த வாரம் என் வீட்டில் நடக்க வேண்டிய ஜெபக் கூட்டம் வேறு வீட்டுக்கு மாறியிருக்கிறது.

பின்சந்தில் தண்ணீர் வடிந்துவிட்டது. இருந்தும் மெயின் ரோட்டில் போனேன். ஷாஜி உள்ளே போகவில்லை, தலையும் தூக்கவில்லை. நானும் நிற்கவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

சுக்கு முடிந்தது. நாளை முதல் மிளகு.

ஆமினா இத்தாவிடம் எல்லாம் சொன்னேன், போன் விஷயம் தவிர. முறத்தில் இருந்ததைப் புடைத்து முடித்தார். பிறகு: "மன்னிக்கலன்னு சொல்றதுக்கு எதுக்குடீ மேடை?" கொண்டுவந்திருந்த அரிசிப் பத்திரியில் பாதியை என் தட்டில் வைத்தார்.

ராத்திரி ஜெனியிடம் கேஸ் பற்றிச் சொல்ல நினைத்துச் சொல்லவில்லை. பிள்ளையின் பல்லைப் பற்றிக் கேட்டேன்.

ஜூன் 18, புதன்

முதலாளியிடம் நாளைக்கு லீவு கேட்டேன். எதற்கு என்றார். கோர்ட்டுக்கு. வக்கீல் வரச் சொன்னாரா? இல்லை. பின்னே?

பின்னே என்று எனக்கும் தெரியவில்லை. அவர் ஜெயிலுக்குப் போவதைப் பார்க்கவா? அதுவும் கொஞ்சம் உண்டு. இல்லை என்று எழுதினால் மறுபடி பொய். அந்த ஆள் தனியாகப் போய் அந்த வார்த்தையைச் சொல்ல வேண்டியிருக்கிறது, அதுவும் உண்டு. தனியாக நின்று சொல்வது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், நாலு நாளாக.

ஜெபம் இன்று கொஞ்சம் நீளமாக வந்தது. பாதி திட்டு.

ஜூன் 19, வியாழன்

பஸ்ஸில் நின்றபடியே. கோர்ட் வராந்தாவில் ஒரு பெஞ்சு. அவர் ஏற்கெனவே வந்திருந்தார். வெள்ளைச் சட்டை, இஸ்திரி போட்டது. என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். "இருங்க," என்றேன். பெஞ்சின் இந்தக் கோடியில் நான், அந்தக் கோடியில் அவர். நடுவில் ஒரு தாத்தா வந்து உட்கார்ந்து ஏதோ வேலி விஷயம் பேசிக்கொண்டே இருந்தார்.

வக்கீல் அவரைத் தூணுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய்த் திட்டினார். "தனக்குப் பிராந்தா?" என்றது மட்டும் கேட்டது, பைத்தியமா என்று. திரும்பி வந்தபோது முகம் வேர்த்திருந்தது, ஆனால் மாறியதாகத் தெரியவில்லை.

பதினொன்று. பன்னிரண்டு. பேர் கூப்பிடவில்லை. பிறகு ஒருவர் வந்து சொன்னார், இன்று ஜட்ஜ் சார் லீவு, எல்லாக் கேஸும் தள்ளி வைத்தாயிற்று. ஜூலை 24.

ஷாஜி சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"இனி ஒரு மாசம். அதுக்குள்ள எனிக்கு தைரியம் போயிரும் சேச்சி. வக்கீல் என்ன மாத்திரும்."

மன்னித்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் அந்த இடத்திலேயே அழுதிருப்பார். வாயில் வந்தது. முழுங்கிவிட்டேன். இன்னொரு தடவை அதைக் கடன் வாங்கிச் சொல்லமாட்டேன்.

"அன்னைக்கும் நான் வருவேன்," என்றேன். "காலையில கடைக்கு வரேன். சேர்ந்தே பஸ் ஏறிரலாம்."

"சேச்சி எதுக்கு?"

"தெரியல. நீங்க போங்க, மழை வருது."

மிளகு வேலை நடக்கிற நேரம், முதலாளி முகம் சுளிப்பார். ஜூலை 24க்கு இப்போதே லீவு சொல்லி வைக்க வேண்டும்.