ஃபியூசுக்குள் இருந்த மணல்

அன்பு மச்சான் சிவலிங்கத்துக்கு,

நீ போய் ஏழு மாதமாகிறது. லிந்துலையில் இன்னும் மழை விடவில்லை. ஃபாக்டரியில் உன் அலமாரியை யாருக்கும் கொடுக்கவில்லை, சாவி என்னிடம்தான் இருக்கிறது. லெச்சுமி மறுபடி கொழுந்து பறிக்கப் போகிறாள். என் தங்கச்சியைப் பற்றி உனக்குத் தெரியாததா? அழுவதென்றாலும் கதவைச் சாத்திக்கொண்டுதான் அழுகிறாள்.

உன்னிடம் சொல்லாமல் ஒன்று செய்தேன், மச்சான். நீ லீவில் இருந்த நாளில் நாம் கரண்ட் அளக்கிற மல்டிமீட்டரின் ஃபியூஸ் என் கையில் எரிந்துபோனது. தலவாக்கலைக் கடையில் விலை கேட்டேன். விரல் நீளத்துக்கு ஒரு வெள்ளைக் குழாய், அந்த விலைக்கு மலிவான மீட்டர் ஒன்றே வாங்கிவிடலாம். "இது என்ன தங்கத்துலயா செஞ்சது?" என்று கடைக்காரரிடம் சண்டை போட்டுவிட்டு வெறுங்கையோடு வந்தேன்.

வந்து, தேயிலை சாம்பிள் பொட்டலத்தின் ஈயத்தாளைக் கிழித்து, எரிந்த ஃபியூசின் மேல் சுற்றி உள்ளே வைத்து மூடினேன். லயத்து வீடுகளில் ஃபியூஸ் போனால் நாம் எல்லோரும் செய்கிற வேலைதானே. மீட்டரும் வேலை செய்தது. கெட்டிக்காரத்தனம் என்றே நினைத்தேன்.

மறுநாள் காலை நீ ஜெனரேட்டர் பேட்டரிக்கு எவ்வளவு கரண்ட் ஏறுகிறது என்று அந்த மீட்டரில் பார்த்தாய். கொழுந்து காயவைக்கிற டிரையர் நின்றுவிட்டதென்று கூப்பிட்டார்கள். சிவப்பு வயரை ஆம்பியர் துளையிலிருந்து மாற்றாமலேயே போய், போர்டில் நானூறு வோல்ட்டில் வைத்தாய். அந்தத் துளையில் வயர் இருந்தால் மீட்டர் வெறும் கம்பி மாதிரிதான், கரண்ட் முழுக்க அதன் வழியே பாயும். அந்த அவசரத்தில் யாருக்குத்தான் மறக்காது? எனக்கே இரண்டு முறை மறந்திருக்கிறது. அப்போது உள்ளே நல்ல ஃபியூஸ் இருந்தது, நான் வீட்டுக்கு வந்தேன்.

உன் கையில் மீட்டர் வெடித்தது. ஆஸ்பத்திரியில் ஆறு நாள் கிடந்தாய். "வயர மாத்த மறந்துட்டேன்டா, என் தப்புதான்" என்று என்னிடமே சொன்னாய். நான் உன் காலைப் பிடித்தபடி நின்றேன். ஈயத்தாள் சுற்றியதைச் சொல்லவில்லை.

போன வாரம் புது ஃபியூஸ் இரண்டு வாங்கி, ஒன்றை உடைத்துப் பார்த்தேன். உள்ளே மணல், மச்சான். வெறும் மணல். கம்பி உருகினாலும் பெரிய கரண்ட் நிற்காதாம், அறுந்த இடத்தில் நெருப்பாகப் பாய்ந்துகொண்டே இருக்குமாம். அந்த நெருப்பை இந்த மணல் அணைக்கும், வெடிக்காமல் அந்தக் கனத்த பீங்கான் தாங்கும். அது உண்மையிலேயே தாங்குகிறதா என்று சிலவற்றில் பெரிய கரண்டை விட்டுச் சோதித்துப் பார்த்துத்தான் மற்றதை விற்பார்களாம். அதற்குத்தான் அந்த விலை. கடைக்காரர் அன்றைக்கே சொன்னார், என் காதில் ஏறவில்லை.

வயரை மாற்ற மறப்பவனுக்காகத்தான் அதைச் செய்து வைத்திருக்கிறார்கள். உனக்காக இருந்ததை நான் எடுத்துவிட்டேன்.

நேற்று மலையிலிருந்து திரும்பிய லெச்சுமியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கூடையைக்கூட அவள் இறக்கவில்லை.

"அந்த ஃபியூஸ் இருந்திருந்தா அவரு பொழச்சிருப்பாராண்ணே?"

"பொழச்சிருப்பான்மா."

அப்போதுதான் கூடையை இறக்கி வைத்தாள். பிறகு, "ஆபீசுல அவரு கவனமில்லாம செத்தாருன்னுதானே எழுதி வச்சிருக்காங்க? எம்புள்ளைங்க அதக் கேட்டுக்கிட்டு வளரணுமா? போய் தொரைகிட்ட சொல்லுங்க. அதுவரைக்கும் என் வாசலுக்கு வராதீங்க" என்றாள்.

கருகிய மீட்டரை உன் அலமாரியில் நான்தான் ஒளித்து வைத்தேன். ஈயத்தாள் இன்னும் அதற்குள்ளேயே இருக்கிறது. நாளைக் காலை பெரட்டில் ஆட்களுக்கு வேலை பிரித்து முடிந்ததும் அதை எடுத்துப்போய்த் தோட்டத்துரையின் மேசையில் வைப்பேன். சுற்றியது நான் என்று சொல்வேன். வேலை போகும், போலீசும் வரலாம், வரட்டும். விபத்தைப் பற்றி ஆபீசில் எழுதிய அந்தக் கடுதாசியிலிருந்து உன் பெயரை எடுத்துவிட்டு என் பெயரை எழுதும்வரை அங்கிருந்து நகரமாட்டேன். இது சத்தியம்.

மச்சான் என்று சொல்லிக்கொள்ள நீ இன்னும் விடுவாய் என்றால்,
உன் மச்சான்,
முருகேசு