சம்மந்தி மோசம் என்று சொன்னது

ஸ்ரீவராகம்,
திருவனந்தபுரம்.

அன்பு மகள் கௌசல்யாவுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் அந்தக் குளிரில் சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது நினைத்துக்கொள்கிறேன், இங்கே உன் அண்ணன் நயினார், அண்ணி மீரா, அவர்கள் பெண் ஆர்யா, நான் எல்லாரும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், மனசுக்குத்தான் எனக்குச் சரியில்லை. எதிர்வீட்டுப் பெண் அஞ்சு, லீவு முடிந்து டப்ளினுக்குத் திரும்புகிறாள், அவள் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன், கூடவே சுண்டைக்காய் வற்றலும் இருக்கிறது வாங்கி வைத்துக்கொள். போனில் சொல்லலாமே என்று கேட்பாய். போனில் சொன்னால் பாதியிலேயே நீ சிரித்துவிடுவாய், நயினார் அப்படித்தான் சிரித்தான், அப்புறம் மீதியைச் சொல்ல எனக்கு வாய் வராது, மீதிதான் விஷயமே. உன் மாமனார் கண் ஆபரேஷனுக்கு முந்தின நாள் ரூமைக் காலி செய்துகொண்டு திருநெல்வேலிக்குத் திரும்பிப் போனாரே, ஊரில் ஏதோ சோலி வந்துவிட்டது என்று உன்னிடம் சொல்லியிருப்பார். சோலி ஒன்றும் வரவில்லை. என்னால் போனார்.

அவர் இங்கே வந்ததே உன் பேச்சைக் கேட்டுத்தான். அம்மா இருக்கிற ஊரில் கண்புரை எடுத்தால் எனக்குக் கவலை இருக்காது என்று நீ கெஞ்சினாய், மனைவி போன மனிதர், தனியாகத் தடுமாறுகிறார் என்று அழுதாய், நானும் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று பெரிதாகச் சொன்னேன். வந்தவர் மருமகள் பிறந்த வீட்டில் தங்குவது மரியாதையில்லை என்று கிழக்கேகோட்டையில் ரூம் எடுத்துக்கொண்டார், அது சரிதான், அவர் காலத்து ஆட்கள் அப்படித்தான் நினைப்பார்கள். சுகர் கூடுதலாக இருக்கிறது, அது குறைந்தபிறகுதான் கத்தி வைப்போம் என்று டாக்டர் சொன்னதில் ஒரு நாள் வேலை ஒரு மாதமாக இழுத்துவிட்டது. வந்த அன்றைக்கு நம் வீட்டுக்கு வந்து காப்பி குடித்தார். சாப்பாடு இங்கேயே வைத்துக்கொள்ளுங்கள் அண்ணாச்சி என்று நான் சொன்னேன். உங்களுக்கு எதுக்கு சிரமம் மதினி, நா வெளியவே பாத்துக்கிடுதேன் என்றார். சரி அண்ணாச்சி, அப்போ நல்ல கடையா நான் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். அவ்வளவுதான் பேச்சு. அவர் டம்ளரை வைத்துவிட்டு இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்தே இருந்தார், நான் எழுந்து டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். அவர் எதற்கு உட்கார்ந்திருந்தார் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை பார்.

மறுநாளிலிருந்து நான் கடை தேடப் புறப்பட்டேன். உனக்குத் தெரியும், நான் ஓட்டல் பக்கமே போகாதவள், உங்கப்பா இருந்தவரைக்கும் சாலை பஜாரில் துணி எடுக்கப் போனால்கூட வீட்டுக்கு வந்துதான் தண்ணீர் குடிப்பேன். எப்படித் தேடுவது என்று எனக்கே ஒரு வழி வைத்துக்கொண்டேன். முதலில் கை கழுவுகிற இடத்தைப் பார்ப்பேன், அது அழுக்காக இருந்தால் அடுக்களை அதைவிட மோசம் என்று திரும்பிவிடுவேன். அப்புறம் யார் சாப்பிடுகிறார்கள் என்று பார்ப்பேன், ஆட்டோக்காரர்களும் சாலைக் கடைகளில் கணக்கு எழுதுகிறவர்களும் தினம் வந்து உட்கார்ந்தால் அங்கே விலையும் ருசியும் குழப்பமில்லை, தைரியமாகச் சாப்பிடலாம் என்று அர்த்தம். பெரிய போர்டு வைத்த கடைகளில் சாம்பாரில் வெல்லம் போடுகிறார்கள், சுகர்காரருக்கு ஆகாது. அவருக்குக் குத்தரிசிச் சோறு தொண்டையில் இறங்காது, வெள்ளைச் சோறு உண்டா, மீன் பொரிக்கிற சட்டியிலேயே அப்பளமும் பொரிக்கிறார்களா, மோர் புளித்ததா என்று எல்லாம் கேட்பேன். சாலைக்குள் திரும்புகிற சந்தில் ஒரு தாயும் மகளுமாக நடத்துகிற இடம், இலை போட்டுச் சோறு, ரசம் அருமை, உனக்கு வைக்கிற மாதிரியே பூண்டு தட்டிப் போடுகிறார்கள். கோட்டை மதிலுக்கு இந்தப் பக்கம் ஒன்று, சாயங்காலம் ரசவடைக்கு மட்டும் நல்லது, சோற்றுக்குப் போகக் கூடாது. இன்னொரு கடையில் கல்லாவில் இருக்கிற பத்மகுமார் என்கிற பையன் நான் போகும்போதெல்லாம் அம்மச்சி வந்நல்லோ, எல்லாரும் பாத்திரம் கழுவிக்கோ, செக்கிங் வந்திருக்கு என்று உள்ளே சத்தம் போடுவான், தென்காசிக்காரன் ஒருத்தன் அங்கே பரிமாறுகிறான், பாட்டி இன்னைக்காவது பாஸ் போடுவியளா என்று கேட்பான். எனக்குச் சிரிப்பாக இருக்கும், உள்ளுக்குள் ஒரு பெருமையும் இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும். சாப்பிட்டு வந்து நம் குடும்ப குரூப்பில் வாய்ஸ் மெசேஜ் போடுவேன், இன்ன கடையில் இன்னது நல்லது இன்னது ஆகாது என்று. நீயும் அம்மா கலக்குகிறாய் என்று போட்டாய். உன் மாமனாருக்கு எழுத்து தெரியாதபடி கண் மங்கலாக இருந்ததால் நான் பேசியதைத்தான் கேட்டுக் கேட்டுப் போய்ச் சாப்பிட்டார்.

கடைசியாகச் சொன்னேனே, அந்தப் பத்மகுமார் கடைக்கு மட்டும் அவரை நானே கூட்டிப் போனேன். காலை டிபன். அவருக்குக் கண் தெரியாமல் சாம்பார்க் கிண்ணத்தில் கை இடித்து வேட்டியெல்லாம் கொட்டிவிட்டது, பக்கத்து மேசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள், அவர் முகம் சுருங்கிப் போயிற்று. நான் துடைத்துக்கொள்ளப் பேப்பரை எடுத்துக் கொடுத்தேன். அந்தக் களேபரத்தில் நான் சரியாக ருசி பார்க்கவில்லை என்று மறுநாள் காலை தனியாக அதே கடைக்குப் போனேன், வந்து குரூப்பில் பேசினேன். அதை நீ கேட்டிருக்க மாட்டாய், நயினார் அழித்துவிட்டான், நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். எல்லாரும் கேட்டுக்கிடுங்க, தோசை கொள்ளாம், நல்லாயிருக்கு, சாம்பாரும் குழப்பமில்ல, சம்மந்திதான் மோசம், நேத்தும் மோசம், இன்னைக்கும் மோசம், ஒரு மணமும் இல்ல ஒரு பிரயோஜனமும் இல்ல, நான் தள்ளி வச்சிட்டேன், இப்படியொரு சம்மந்தியைக் கொண்டு வந்து முன்னால வச்சா மனுஷன் எப்படிச் சகிக்கிறது. இதுதான் நான் பேசியது. நம் வீட்டில் தோசைக்கு அரைக்கிற தேங்காய்ச் சட்னியை இந்த ஊர் வழக்கப்படி சம்மந்தி என்றுதானே சொல்வோம், நீ பள்ளிக்கூடம் போகும்போது எத்தனை நாள் சம்மந்தி போதாது என்று அழுதிருக்கிறாய். திருநெல்வேலியில் சம்மந்தி என்றால் மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டுக்காரர் மட்டும்தான். நான் நாற்பது வருஷமாக இரண்டையும் ஒரே வாயில் சொல்லிப் பழகியவள், அது வேறு இது வேறு என்று எனக்கு உறைக்கவே இல்லை.

மத்தியானம் நயினார் ஆஸ்பத்திரியில் சேர்க்கிற விவரம் சொல்ல ரூமுக்குப் போனால் பூட்டிக் கிடக்கிறது, பெரியவர் பை எடுத்துக்கொண்டு பஸ் ஏறப் போய்விட்டார் என்று லாட்ஜ்காரர் சொல்லியிருக்கிறார். போன் செய்தால் கொஞ்சம் சோலி வந்துட்டுப்பா என்று மட்டும் சொன்னார். நாங்கள் ஒன்றும் புரியாமல் உட்கார்ந்திருந்தோம். மீராதான் குரூப்பைத் திறந்து கேட்டுவிட்டு முகம் வெளுத்துப்போய் அத்தை, இதைப் பெரியவர் என்னன்னு எடுத்திருப்பார் என்று கேட்டாள். நயினார் விழுந்து விழுந்து சிரித்தான், ஆர்யாவும் அச்சம்மே சம்மந்தி எங்ஙனெ மோசமாகும் என்று மலையாளத்தில் கிண்டல் செய்தாள். எனக்கு அந்த நிமிஷம் நின்ற இடத்திலேயே கூசிப் போயிற்று. ஆனால் கௌசல்யா, உடனே போனை எடுத்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் அல்லவா, நான் சொல்லவில்லை. இத்தனை வருஷப் பழக்கத்தில் நான் இப்படிப் பேசுகிறவளா என்று அவருக்குத் தெரிய வேண்டாமா, நானா போய் விளக்கம் சொல்ல வேண்டும் என்று வீம்பு வந்துவிட்டது. நயினாரை விட்டுச் சொல்லச் சொன்னேன். அவன் சொன்னான், அவரும் சிரித்தாராம், அட அது நாகர்கோயில் தாண்டுததுக்குள்ளயே பக்கத்து சீட்டுக்காரர் கிட்ட கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேம்பா, விடு என்றாராம். தெரிந்தும் திரும்பி வரவில்லை. டாக்டர் கொடுத்த தேதியும் போயிற்று. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது, வார்த்தையால் போன மனிதர் என்றால் வார்த்தை தெளிந்ததும் வந்திருக்க வேண்டுமே.

பிறகு நானே போன் போட்டேன். சட்னியைத்தான் சொன்னேன் அண்ணாச்சி என்று ஆரம்பித்தேன். தெரியும் மதினி, அதுக்கு நா கோவப்படல என்றார். பின்னே ஏன் வரவில்லை என்று கேட்டேன். ஊர்ல இருக்க கடையெல்லாம் எனக்காக தேடினிய மதினி, உங்க வீட்டுல சாப்பிடுங்கன்னு இன்னொரு தரம் சொல்லலியே, மொதத்தரம் வேண்டாம்னு சொல்லுதது சும்மா மரியாதைக்கில்லா, அத நீங்க அப்படியே எடுத்துக்கிட்டிய, பஸ்ல ஏறும்போது அந்த வார்த்தைதான் சுட்டுது, இறங்கும்போது இதுதான் சுட்டுது என்றார். குரலை உயர்த்தவில்லை. நம் பக்கத்தில் ஒருவரைச் சாப்பிடக் கூப்பிட்டால் மூன்று தரம் கூப்பிட வேண்டும் என்று உனக்கே நான்தான் சொல்லிக் கொடுத்தேன், நீ டப்ளினில் யாரோ வெள்ளைக்காரியை மூன்று தரம் கூப்பிட்டு அவள் முழித்தாள் என்று சிரித்தாயே. அப்படிச் சொல்லிக் கொடுத்தவள் சொந்தச் சம்மந்தியை ஒரு தரம் கூப்பிட்டுவிட்டு டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்து போனேன்.

ஏன் இரண்டாம் தரம் கேட்கவில்லை என்று இந்த நாட்களாக யோசித்துப் பார்த்தேன். அவருக்குத் தேங்காய் எண்ணெய்ச் சமையல் பிடிக்காது, குறை சொல்வாரோ என்ற பயம் ஒன்று. அதை மட்டும் எழுதிவிட்டு நிறுத்தலாம், ஆனால் அது முழு உண்மை இல்லை. முதல் நாள் அந்தத் தாயும் மகளும் நடத்துகிற கடையில் நான் உட்கார்ந்ததும் அந்தப் பெண் இலை போட்டுத் தண்ணீர் தெளித்து, அம்மா நல்லா துடைச்சுக்கோங்கோ, சோறு கொண்டு வாரேன் என்று சொன்னாள். எனக்கு ஒருத்தர் இலை போட்டு, நான் கேட்பதற்குள் இரண்டாவது ரசம் ஊற்றி, இன்னும் கொஞ்சம் இன்னும் கொஞ்சம் என்று நின்று பரிமாறியது அதுதான் முதல் தரம் என்று நினைக்கிறேன். கல்யாண வீடுகளில்கூட நான் பந்தி பரிமாறுகிற பக்கம்தான் நின்றிருக்கிறேன். எனக்கு அது பிடித்துப் போயிற்று. நல்ல கடை முதல் நாளிலேயே கிடைத்துவிட்டது கௌசல்யா, அந்தச் சந்துக் கடையே அவருக்குப் போதும். அப்புறமும் அவர் பேரைச் சொல்லித் தினம் ஒரு கடைக்குப் போய் உட்கார்ந்தது நான்தான், அவருக்காக இல்லை. வீட்டில் அவருக்குச் சமைத்தால் எனக்கு வெளியே போக வேலை இருக்காது. கண் தெரியாத மனிதரை வெயிலில் கடை கடையாக நடக்கவிட்டு, எனக்கு யாராவது பரிமாறினால் போதும் என்று இருந்திருக்கிறேன்.

அவர் அப்படிச் சொன்ன அன்றைக்கே வீட்டில் வந்து சாப்பிடுங்கள் என்று போனில் கூப்பிட்டேன், வேண்டாம் மதினி என்றார், திரும்பக் கூப்பிட்டேன், பாப்போம் என்றார், திரும்பவும் கூப்பிட்டேன். போன திங்கட்கிழமை வந்துவிட்டார், நயினார் ஸ்டேஷனுக்குப் போய்க் கூட்டி வந்தான், டாக்டர் புதுத் தேதி கொடுத்துவிட்டார், வருகிற புதன்கிழமை ஆபரேஷன், நீ பயப்பட வேண்டாம். இரண்டு வேளையும் இங்கேதான் சாப்பிடுகிறார். நல்லெண்ணெயில் சமைக்கிறேன், இலையில் எது எங்கே இருக்கிறது என்று வாயால் சொல்லிக்கொண்டே வைக்கிறேன், வலது கை ஓரம் கூட்டு, மேலே அவியல், கிண்ணம் எதுவும் பக்கத்தில் இல்லை அண்ணாச்சி என்று. சாப்பிடுகிறார். ஒவ்வொன்றுக்கும் நல்லாருக்கு மதினி, ரொம்ப நல்லாருக்கு மதினி என்கிறார். நேற்றுக் குழம்பில் உப்பு கூடிவிட்டது, ஆர்யா வாயில் வைத்ததும் தள்ளிவிட்டாள், அவர் அதையும் பிசைந்து சாப்பிட்டு ரொம்ப நல்லாருக்கு என்றார். யாரோ வீட்டில் சாப்பிடுகிற மாதிரி. உங்கள் கல்யாணம் முடிந்து மறுவீட்டுக்கு வந்தபோது பாயசத்தில் இனிப்பு போதாது மதினி, பொண்ணு வீட்டுல சர்க்கரைக்குப் பஞ்சமா என்று எல்லார் முன்னாலும் சொல்லி என்னைக் கோபப்படுத்திய மனிதர் இவர்.

அதனால் உன்னிடம் ஒன்று கேட்கிறேன். அவர் போன் பண்ணும்போது எனக்காக நீ பரிந்து பேசாதே, அம்மா வெகுளி, வார்த்தை தவறிவிட்டது என்றெல்லாம் சொல்லாதே. மாப்பிள்ளைக்கும் நடந்ததை நீயே முழுசாகச் சொல்லிவிடு, சட்னிக் கதையை மட்டும் சொல்லிச் சிரிக்கவிட்டு நிறுத்திவிடாதே. என் அம்மா செய்தது தப்பு என்று நீ சொன்னால் எனக்கு ஒரு குறைச்சலும் இல்லை. அவர் ஏதாவது ஒரு நாள் உப்பு கூடிப்போச்சு மதினி என்று சொல்லிவிட்டால் அன்றைக்கு நான் உனக்குப் போன் போடுகிறேன், அதுவரை என்னால் உன் முகத்தைப் பார்த்துப் பேச முடியாது, வீடியோவில் கூப்பிடாதே. குட்டிக்குப் பல் முளைக்கிற நேரம், கையில் கிடைத்ததை எல்லாம் வாயில் வைப்பாள், பார்த்துக்கொள். நீங்கள் மூன்று பேரும் வயிறு நிறைந்து, ஒருத்தரை ஒருத்தர் கூப்பிட்டு உட்கார வைத்துச் சாப்பிட்டு, நன்றாக இருக்க வேண்டும் என்று மனசார வாழ்த்துகிறேன். புதன்கிழமை காலை அவர் ஆஸ்பத்திரிக்குப் புறப்படும் முன்னால் நீங்கள் இரண்டு பேரும் அவரிடம் பேச மறக்க வேண்டாம்.

இப்படிக்கு
வெட்கத்தோடு உன் அம்மா
சொர்ணம்மாள்