தையல் பார்த்து வாங்கிய பச்சைப் பை

மார்ச் 3, செவ்வாய்

காலையிலேயே வெயில். ஷூ கம்பெனி பஸ்ஸில் ஜன்னல் சீட் இல்லை.

மே மாசம் கம்பெனி கூட்டிப்போகும் இமாச்சல் மலை நடை. நானும் கூட வேலை செய்யும் நசீமாவும் வெல்ஃபேர் மேடத்திடம் பெயர் கொடுத்தாச்சு. பல நாள் நடக்கணும், அவரவர் பை அவரவர் முதுகில். ஞாயிறு ஏலகிரியில் ஒத்திகை. முழுப் பாரத்தோடு உச்சிக்கு ஏறுகிறவர்களுக்குத்தான் டிக்கெட். வேலூரைத் தாண்டி நான் எங்கே போயிருக்கேன்? போயே ஆகணும்.

மார்ச் 5, வியாழன்

ஷிஃப்ட் முடிந்து இருவரும் வேலூர், பை வாங்க. எடுத்துப் போட்ட பையை எல்லாம் உள்பக்கம் வெளியே வரத் திருப்பிப் பார்த்தேன். தினமும் ஷூ செக் பண்ணுகிற கை, சும்மா இருக்குமா? நூல் பிசிறு, ஜிப் ஓரம், மடிப்பு.

கடைக்காரர்: "இன்னாமா, வாங்க வந்தியா, ரிஜெக்ட் பண்ண வந்தியா?"

கடைசியில் பச்சைப் பை. அப்படி ஒரு தையல்! எங்கள் லைனில்கூடப் பார்த்ததில்லை. தடவிக்கொண்டே நின்றேன்.

நசீமா ஒவ்வொன்றையும் மாட்டிக்கொண்டு கடைக்குள்ளேயே நடந்தாள், குனிந்தாள், உட்கார்ந்து எழுந்தாள். எடுத்தது சுமாரான நீலப் பை. நூல் தொங்குது என்றேன். "தொங்கட்டும்டி." பாவம், ஏமாந்துட்டா என்று நினைத்தேன்.

மார்ச் 7, சனி

அரிசி, தண்ணி பாட்டில், போர்வை அடைத்துத் தெருவில் நடை. இடுப்பு வார் இடுப்பில் நிற்கவில்லை, கீழே இறங்குது. மொத்தப் பாரமும் தோளில். நெட்டையான ஆளுக்குத் தைத்த பை. லைனில் எந்த ஷூவையும் நாங்கள் போட்டுப் பார்ப்பதில்லை, கண்ணால் பார்த்து பாஸ். அதே புத்தி கடையிலும். யாரிடமும் சொல்லவில்லை.

மார்ச் 8, ஞாயிறு

பாதி மலையில் தோள் எரிச்சல். உட்கார்ந்துட்டேன். மேடமும் மற்றவர்களும் மேலே போயாச்சு. இமாச்சல் அவ்வளவுதான் என்று அழுகை.

நசீமா மட்டும் இறங்கி வந்தாள். என் பையைக் கழற்றித் தான் மாட்டிக்கொண்டாள். நீலப் பையை என் முதுகில் ஏற்றி, இடுப்பு வாரை இழுத்துப் பூட்டினாள். பாதி பாரம் குறைந்த மாதிரி.

"உனக்குடி?"

"எனக்கு இன்னா. நட."

முன்னால் போனாள். ஒரு இடத்தில்கூட நிற்கவில்லை. என்ன பொம்பளை இவள்! உச்சியில் மேடம், "ரெண்டு பேரும் பாஸ்" என்றார்.

திரும்பும் பஸ்ஸில் அவள் துப்பட்டா விலகியது. இரண்டு தோளிலும் தோல் உரிந்து ரத்தம்.

ஏன்டி இப்படி பண்ணே என்றேன்.

"நீ வரலைன்னா அவ்ளோ தூரம் நான் யார்கிட்டடி பேசிட்டு நடக்கிறது?"